எட்டாம் வகுப்புக்கு மேல் படம் வரையச் சொல்லிக்கொடுப்பது

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்ததைக் காட்ட முண்டியடித்துக்கொண்டு மேசைக்கு வருவார்கள். அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும், நான் பக்கத்தில் போனாலே நோட்டின் மேல் கையை வைத்து மறைப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் "எனக்கு டிராயிங் வராது டீச்சர்" என்று முடிவே கட்டியிருப்பார்கள்.

காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வருஷா வருஷம் இதைப் பார்க்கிறேன். கை அப்படியேதான் இருக்கிறது, கண் மட்டும் வளர்ந்துவிடுகிறது. பத்து வயதில் வரைந்த மாடு மாடு மாதிரி இல்லை என்பது பத்து வயதில் தெரியாது. பதின்மூன்றில் தெரிந்துவிடும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை வரைந்தது நன்றாக இருப்பதும் கூடவே தெரியும். அதனால், தப்பே வராத ஒரே படத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை. எங்கள் ஊரைச் சுற்றிக் கண்மாயும் பொட்டலும் சீமைக்கருவேலமும்தான். அந்தப் படத்தில் இருக்கும் எதையும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இந்த வயசில் நம் வேலை இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, அவர்களை ஒரு பொருளின் முன்னால் உட்கார வைத்துப் பார்க்க வைப்பது. இன்னொன்று, அவர்களாகவே ஒரு முடிவு எடுக்கும்படியான வேலையைக் கொடுப்பது. பலகையில் நான் ஒரு படம் போட, நாற்பத்தைந்து பேரும் அதைப் பார்த்து வரைவது இரண்டுக்கும் உதவாது. வகுப்பு அமைதியாக இருக்கும், நோட்டும் நிறையும், அவ்வளவுதான்.

பார்ப்பதை நான் செருப்பிலிருந்து தொடங்குவேன். அவரவர் செருப்பை எடுத்து டெஸ்க்கின் மேல் ஒரு பழைய செய்தித்தாள் விரித்து வைக்க வேண்டும். பென்சிலைத் தாளில் ஊன்றிவிட்டு, கண்ணைச் செருப்பிலிருந்து எடுக்காமல் ஓரத்தைப் பின்தொடர வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது. எறும்பு ஊர்கிற வேகம்தான், அதற்கு மேல் போகக் கூடாது. ஐந்து நிமிஷம் கழித்துத் தாளைப் பார்த்தால் எல்லோருடையதும் கோணல்மாணலாக இருக்கும். வகுப்பே சிரிக்கும். நன்றாக வரைகிறவன் என்று பேர் வாங்கியவனுடையதும் அப்படித்தான் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒப்பிட ஒன்றுமில்லாமல் போகிறது. வராது என்று சொன்ன பிள்ளை முதல் தடவையாகத் தாளை மறைக்காமல் வைத்திருக்கும்.

சிரிப்பு அடங்கியதும், "வரையும்போது புதுசா என்ன பார்த்தீங்க?" என்று கேட்பேன். கட்டைவிரல் அழுந்திய பள்ளம், ஊக்கு குத்திச் சரிசெய்த வார், வாரின் அடியில் ஒட்டியிருக்கும் செம்மண். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், என் செருப்புல குதிகால் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு, நான் சாஞ்சு நடக்கிறேன்போல" என்றான். தினமும் போடுகிற செருப்பு. அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறான். அடுத்த வாரம் அதே செருப்பைத் தாளைப் பார்த்தே வரையச் சொன்னேன். தேய்ந்த குதிகால் படத்தில் வந்துவிட்டது. விகிதம் சரியில்லை, ஆனால் அது அவன் செருப்பு. வகுப்பில் வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

இந்த வாரங்களில் ரப்பரை வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுவேன். ரப்பர் இருந்தால் இந்த வயசுப் பிள்ளைகள் தாள் கிழியும்வரை அழிப்பார்கள். பீரியட் முடியும்போது ஒரு சாம்பல் நிறக் கறையைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. தப்பான கோடு கிடக்கட்டும், சரியான கோட்டைப் பக்கத்திலேயே போடு என்பதுதான் விதி. பழைய கோடு இருந்தால்தான் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதும் தெரியும். பென்சிலில் 2பி போதும். நட்ராஜோ அப்சராவோ கடையில் கிடைப்பது எதுவானாலும் சரி. அதைவிடக் கடினமான எச்பி கொடுத்தால் அழுத்தி அழுத்தித் தாளில் பள்ளம் விழுகிறது.

இன்னொன்றையும் புதிதாக வரும் ஆசிரியர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். பிள்ளையின் தாளில் நீங்கள் கோடு போடாதீர்கள். கை துறுதுறுக்கத்தான் செய்யும். இரண்டே கோட்டில் அந்த மூக்கைச் சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். சரிசெய்த மறுநிமிஷம் அந்தப் படம் உங்களுடையதாகிவிடும். மீதியை முடிக்க அந்தப் பிள்ளைக்கு மனசு வராது. நான் ஒரு துண்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டேதான் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பேன். காட்ட வேண்டியதை அதில் வரைந்து காட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அங்கேயே விட்டால் அதையும் பார்த்து வரைவார்கள்.

நிறத்துக்கு வேப்பிலை. போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்குதான் கொடுப்பேன். கறுப்பும் பச்சையும் கிடையாது. பச்சைப் பாட்டில் கையில் இருந்தால் மரம், புல், கிளி எல்லாமே அந்த ஒரே பச்சையாகிவிடும். பள்ளியில் வேப்பமரம் இருக்கிறது. ஒவ்வொருவரும் மூன்று இலை பொறுக்கி வர வேண்டும். செம்பு நிறத்தில் ஒரு கொழுந்து, முற்றிய இலை ஒன்று, பழுத்து விழுந்த இலை ஒன்று. நிறத்தைக் கலந்து தாளில் ஒரு திட்டுத் தீட்டிக் காய்ந்ததும் இலையை அதன் மேல் வைக்க வேண்டும். இலை தனியாகத் தெரியாமல் மறைகிறவரைக்கும் கலக்க வேண்டும். முற்றிய இலையின் கரும்பச்சைக்குக் கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்பதை நான் சொல்வதில்லை. நீலத்தைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு, யாராவது ஒருவர் தற்செயலாகச் சிவப்பு பட்ட பிரஷை விடுவார்கள். அங்கிருந்து அந்தச் செய்தி பெஞ்சு பெஞ்சாகப் பரவும். என் வகுப்பில் கூச்சல் அதிகமாகிற நாள் அதுதான். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தாலும் நான் அடக்குவதில்லை.

தண்ணீர் விஷயத்தை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் நாற்பது நிமிஷப் பீரியடில் பத்து நிமிஷம் குழாயடியில் போய்விடும். வகுப்பின் முன்னால் ஒரு வாளி நல்ல தண்ணீர், பின்னால் அழுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு வாளி. பெஞ்சுக்கு ஒருவர்தான் எழுந்து போகலாம். நிறம் கலக்கக் கொட்டாங்குச்சி. பிரஷ் நாலாம் நம்பரும் எட்டாம் நம்பரும் இருந்தால் ஒரு வருஷம் ஓட்டலாம். ஆனால் கழுவியதும் முடி மேலே பார்க்க நிறுத்தி வைக்க வேண்டும். முடி கீழே இருக்கும்படி டப்பாவில் போட்டால் ஒரே மாதத்தில் வளைந்துவிடும். வாரத்துக்கு மூன்று அரைநாள் என்று 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் பலருக்கு இந்த நிமிஷக் கணக்குதான் எல்லாம். வண்ண வேலையை எடுப்பதா வேண்டாமா என்பதையே வாளி தீர்மானிக்கிறது.

டிசைன் என்றால் பிள்ளைகளின் மனசில் ஓரத்தில் பூப்போடுவது. அதை மாற்ற எனக்கு வெகுநாள் வழி தெரியவில்லை. கடைசியில், பூப்போட்ட தரைக்கல் செய்கிற ஆத்தங்குடி என்ற ஊர்தான் கை கொடுத்தது. எங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். சில பிள்ளைகளின் அம்மாக்கள் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அந்தப் பிள்ளைகளின் பாதங்களுக்கு நன்றாகத் தெரியும். அது எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்ததில்லை.

ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் ஒரு இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் தகட்டை வளைத்துச் செய்த அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறம். சிமென்ட்டும் மணலும் ஆக்சைடு நிறமும் கூழாகக் கரைத்தது. ஒருவர் சின்னக் கரண்டியால் ஊற்றிக்கொண்டே வந்தார். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நின்றன. அதன் மேல் காய்ந்த சிமென்ட்டையும் மணலையும் தூவி ஈரத்தை இழுக்க விட்டு, அப்புறம் கலவையை நிரப்பி மட்டம் தட்டினார். சூளையில் வைப்பதில்லை. காய்ந்ததும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வைத்து இறுக விடுகிறார்கள். கண்ணாடி பிரிந்ததும் அதன் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "பூ அடியில இருக்கு, முதுகு மேல இருக்கு. அப்ப எழுத்து போட்டா திரும்பித்தானே வரும்ண்ணே?" என்று கேட்டாள். அவர் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஆமாத்தா, திருப்பித்தான் அச்சு செய்யணும்" என்றார். கிளம்பும்போது என்னிடம், "எவ்வளவு பூ வேணும்னாலும் போடச் சொல்லுங்க டீச்சர், ஆனா நான் ஊத்துறதுக்கு இடம் விடணும்" என்றார். அதற்குப் பின் நான் தனியாக டிசைன் பாடம் என்று ஒன்றும் விளக்கவில்லை. அவருடைய வாக்கியத்தைத்தான் விதிகளாக மாற்றிக் கொடுத்தேன்.

20 செ.மீ. சதுரத் தாள், ஏஃபோர் தாளில் வெட்டிக்கொள்ளலாம். மூன்றே நிறம். எந்த நிறத் திட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் கரண்டியால் ஊற்ற வேண்டும். ஒரு நிறம் இன்னொன்றில் கரையக் கூடாது, ஒவ்வொன்றும் மூடிய அறை. நான்கு ஓரத்திலும் மூலையிலிருந்து 5 செ.மீ., 15 செ.மீ. என்று இரண்டு புள்ளி வைக்க வேண்டும், ஓரத்தைத் தொடுகிற கோடு எதுவானாலும் அந்தப் புள்ளியில்தான் தொட வேண்டும். கடைசி விதி ஏன் என்று முதலில் சொல்லவே மாட்டேன். வரைந்த தாளின் பின்பக்கம் பென்சிலால் தேய்த்து, அதை வேறொரு தாளின் மேல் வைத்து, மேலே கோட்டின் மீது அழுத்தி, அதே கல்லுக்கு இன்னும் மூன்று நகல் எடுக்க வேண்டும். இதற்கே இரண்டு மூன்று வாரம் போகும். போகட்டும்.

பிறகு வராண்டாவில் தரையில் பரப்புவோம். நான்கு தாளையும் ஒரே மூலையைச் சுற்றித் திருப்பித் திருப்பி வைத்தால், ஓரத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் யாரும் வரையாத ஓர் உருவம் எழும்பும். இரண்டு வளைந்த பட்டைகளைத் தவிர வேறொன்றும் வரையாத பெண்ணுடையது, நான்காகச் சேர்ந்ததும் பெரிய தாமரை மாதிரி விரிந்தது. அவளே வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அதே நாள் ஒரு பையன் மிக அழகாக ஒரு மயில் போட்டிருந்தான். தனித் தாளில் எல்லோரும் பாராட்டினார்கள். தரையில் வைத்ததும் நான்கு மயில் நான்கு திசையைப் பார்த்தன, ஒன்று தலைகீழாகக் கிடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தான். "டீச்சர், தரையில எல்லாப் பக்கமிருந்தும் ஆள் நடப்பாங்கல்ல" என்றான். அடுத்த வாரம் மயிலை விட்டுவிட்டுத் தோகையின் கண்ணை மட்டும் எடுத்து மூலைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு வந்தான். எனக்கு அந்தக் கல் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஓர் அழகான படத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்து, நடக்கிறவர்களை நினைத்து இன்னொன்றை எடுத்த பிள்ளைக்கு டிசைன் வந்துவிட்டது.

உங்கள் ஊரில் ஆத்தங்குடி இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். மதுரைப் பக்கம் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், சிவகாசியில் லேபிளும் காலண்டரும் அச்சடிக்கும் இடம், எந்த ஊரிலும் கோலம். இந்தப் பக்கம் பனை ஓலைக் கொட்டான் பின்னுகிற அப்பத்தாக்கள் இருக்கிறார்கள். ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாலே போதும். ஓலை எங்கே மடங்கும், எங்கே மடங்காது என்று அவர் சொல்வதுதான் பாடம். பொருள் விதி போட வேண்டும். ஆசிரியர் போடுகிற விதியைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். ஓலை போடுகிற விதியோடு மல்லுக்கட்டுவார்கள். அங்கேதான் யோசனை பிறக்கிறது.

யாருக்காகச் செய்கிறோம் என்பதை இன்னும் நேராகக் காட்ட ஒரு வேலை வைத்திருக்கிறேன். எங்கள் வளாகத்தில் இரண்டு வரிசைக் குழாய். ஒன்று குடிநீர், இன்னொன்று கை கழுவ. சின்னப் பிள்ளைகள் மாற்றிக் குடித்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பிடம் இதற்கு ஓர் அறிவிப்புப் பலகை செய்யச் சொன்னேன். முதல் சுற்றில் எல்லாச் சார்ட்டிலும் அருவி, மரம், பூமி உருண்டை, "நீரின்றி அமையாது உலகு". குறளில் குறையில்லை. ஆனால் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்து, வராண்டாவின் அந்தக் கோடியில் நிறுத்தி, "எந்தக் குழாயில குடிக்கணும்?" என்று கேட்டபோது எந்தச் சார்ட்டும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. வரைந்தவர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தியிருந்தால் முகம் சுண்டியிருக்கும். அந்தப் பையன் விழித்ததை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு டம்ளர், ஓர் அம்புக்குறி, "குடிநீர்" என்று உள்ளங்கை உயரத்துக்கு எழுத்து, அவ்வளவுதான் மிஞ்சியது. அதிலும் ஒரு சிக்கல். தூரத்திலிருந்து பார்த்தால் கடைசி எழுத்தின் புள்ளி காணாமல்போய் "குடிநீர" என்று தெரிந்தது. புள்ளியைப் பெரிதாக்கிக் கொஞ்சம் மேலே தூக்கினார்கள். அந்தப் பலகை இப்போதும் குழாய்க்கு மேல் இருக்கிறது.

வேலையைப் பற்றிப் பேசுவதையும் பழக்க வேண்டும். "நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும், "நல்லா இல்ல" என்றால் அந்தப் பிள்ளையே முடிந்துவிடும். இரண்டையும் என் வகுப்பில் சொல்லக் கூடாது. "முதல்ல எது கண்ணுல பட்டுச்சு?", "எங்க தடுமாறுச்சு?" இந்த இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம். நடிகர் படத்தையும் ஜப்பான் கார்ட்டூன் முகத்தையும் கட்டம் போட்டு அச்சு அசலாக இறக்குகிற பையன்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. பல ஆசிரியர்கள் அதை மட்டம் தட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணிக்கணக்கில் ஒரு தாளின் முன்னால் உட்கார முடிகிற பிள்ளை அது. "இதே ஆள் பஸ்ஸுக்கு ஓடினா எப்படி இருப்பான்?" என்று கேட்டுப் பாருங்கள். போனில் அந்தப் படம் கிடைக்காது. நண்பனை ஓடவிட்டுப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகிற போட்டி. டிராயிங் என்ற ஒன்று இருப்பதே அதனால் பெற்றோருக்குத் தெரிகிறது, அது நல்லது. ஆனால் பரிசு வாங்கும் இரண்டு பேரை மட்டும் வருஷம் முழுக்க ஒரே படத்தை மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மீதி நாற்பத்து மூன்று பேரின் பீரியட் அதில் கரைந்துபோகிறது.

பத்தாம் வகுப்பு வந்தால் டிராயிங் பீரியட் கணக்குக்குப் போய்விடும். பொதுத்தேர்வில் ஐந்து பாடம், 500 மதிப்பெண், அதில் ஓவியத்துக்கு இடமில்லை. நான் சண்டை போடுவதில்லை, பேரம் பேசுகிறேன். இதயத்தின் நீள்வெட்டு, வேரின் குறுக்குவெட்டு, வரைபடம் குறிப்பது எல்லாம் என் பீரியடில் நடக்கும், மாதத்தில் இரண்டு பீரியட் என்னிடம் இருக்கட்டும் என்று அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களையும் கூட வைத்துக்கொண்டு கேட்பேன். பெரும்பாலும் கிடைக்கும். ஓவியம் அறிவியல் படத்துக்கு உதவுவதால்தான் தேவை என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால், படத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் ஓவிய ஆசிரியர் எதற்கு என்ற கேள்வி வரும்.

முடிந்தால் ஒரு தடவை சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போங்கள். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். சமணக் குடைவரையின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம். மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். நிறைய அழிந்துபோயிருக்கிறது. நான் ஒரே ஒரு வேலைதான் கொடுப்பேன். ஒரு தாமரையைத் தேர்ந்தெடுத்து, அதன் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் வரைய வேண்டும். வரலாற்றைப் பஸ்ஸிலேயே சொல்லி முடித்துவிட வேண்டும், உள்ளே போனால் பேசக் கூடாது.

பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இத வச்சு என்ன டீச்சர் பண்ணும்?" இதற்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்லிப் பயனில்லை, விவரமாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். சிற்பத்துக்கு மாமல்லபுரம், கைத்தறித் தொழில்நுட்பத்துக்குச் சேலம். அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலையையும் முடித்து வைத்தால் அந்தச் சான்றிதழ் தனியாகக் கையில் இருக்கும். இதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அம்மாக்கள் அதை மடித்து எடுத்துப்போவார்கள். சிலர் ஒரு வருஷம் கழித்து அதே தாளோடு வருவார்கள்.

வருபவர்களிடம் நான் கேட்பது பிள்ளையின் ஃபைலை. எட்டாம் வகுப்பிலிருந்து வரைந்த எல்லாவற்றையும், கோணல் செருப்பு உட்பட, தேதி போட்டு வைக்கச் சொல்லியிருப்பேன். நல்ல படங்களை மட்டும் வைத்தால் போதாது. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளையோடு உட்கார்ந்து அந்த ஃபைலைப் புரட்டினால் எது வந்திருக்கிறது, எதில் இன்னும் உழைக்க வேண்டும் என்பது ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் தெரிந்துவிடும். கரையான் அரிக்காமல் இருக்க ஃபைலைத் தரையில் வைக்க வேண்டாம், பரண் மேல் வையுங்கள்.